நாலாம் கட்டில் கேஸ்

இந்த முதுகு இதுவரை இருநூற்றுப் பதினேழு டாக்டர்களைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

சட்டையைக் கழற்றிக்கொண்டே நாலாம் கட்டிலில் உட்கார்ந்து நான் இப்படி அறிவித்ததும், வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த பூமிநாதன் டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கதை விடாதீங்க பெரியவரே. பிள்ளைங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.”

கதையா?

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் பரீட்சைக்குக் கேஸாகப் படுப்பதில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ். முன்பெல்லாம் மதுரை, இப்போது உள்ளூரிலேயே. தேதி குறித்ததும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களோ இல்லையோ, எனக்குப் போன் வந்துவிடும்.

வியாதி சோரியாசிஸ். வெள்ளி வெள்ளியாகச் செதில். சுரண்டினால் மெழுகு மாதிரி உதிரும். இன்னும் சுரண்டினால் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தம் பூக்கும். அதற்குப் பெயர் ஆஸ்பிட்ஸ். சிகிச்சை கேட்டால் தார்க் களிம்பு, சாலிசிலிக் ஆசிட், ஸ்டீராய்டு களிம்பு, கடைசியாக ஒளிச் சிகிச்சை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாமல் ஒப்பிப்பேன்.

மாணவரும் நானும் தனியாக இருக்கும் பத்து நிமிஷத்தில் இதையெல்லாம் காதோடு காதாக இறக்கிவிடுவது என் வழக்கம். இன்றைக்கு இந்த மனுஷர் ஒரு நாற்காலியை இழுத்து என் தலைமாட்டிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வாயைப் பூட்டிவிட்டு ஒருவனைக் கேஸாகப் படுக்கவைப்பது என்ன நியாயம்?

வந்தது மர்ஜானா, கீழக்கரைப் பெண். போன தடவை வேறொரு தோல் கேஸில்தான் பெயில் ஆனாளாம். இதிலும் போனால் கூடப் படித்தவர்கள் எல்லாம் டாக்டராகிப் போக, இவள் மட்டும் இங்கேயே நிற்க வேண்டும். காலையில் நர்ஸ் உமையாள் சொல்லியிருந்தாள்.

பேர் கேட்டாள். வயது கேட்டாள்.

“என்ன வேலை பாக்குறீங்க தாத்தா?”

“ரிட்டயர்டு.”

எழுதிக்கொண்டாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

போச்சு.

ரிட்டயர்டு என்பது ஒரு வேலையா? எதிலிருந்து ரிட்டயர்டு என்று கேட்க வேண்டாமா? பத்துப் பேரில் ஒன்பது பேர் விழுகிற பள்ளம் அது.

“ரிட்டயர்டுன்னா தாயி, எதுலருந்துன்னா…”

“பெரியவரே!”

அடங்கிவிட்டேன்.

மற்றதையெல்லாம் அந்தப் பெண் அழகாகத்தான் செய்தாள். கண்ணாடித் தகட்டின் விளிம்பால் வலிக்காமல் சுரண்டினாள். ரத்தப் புள்ளிகளைக் காட்டினாள். ஆஸ்பிட்ஸ் என்றாள். நகத்தில் குழி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

டாக்டர் கேட்டார்: “எல்லாஞ் சரி. முழங்கையில, முட்டியில வட்ட வட்டமா இருக்கு. முதுகுல மட்டும் ஏன் கோடு கிழிச்ச மாதிரி சாய்வா இறங்குது?”

மர்ஜானா முதுகைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். மறுபடி முதுகைப் பார்த்தாள்.

பதில் என் நாக்கு நுனியில் நிற்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நான் பல்லைக் கடித்த கடியில் அங்கே பாம்பன் பாலம் ஒருதரம் குலுங்கியிருக்கும்.

அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பிவிட்டது.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா” என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அவள் தலை குனிந்தது. என்னதான் இடி விழுந்தாலும் கேஸைச் சட்டையில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. சட்டையை எடுத்து நீட்டினாள். போட்டுக்கொள்ள நான் அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் கை அப்படியே நின்றது.

முதுகில் ஓடிய கோடு இடது தோளைத் தாண்டி நெஞ்சிலும் இறங்கி வலது இடுப்பில் முடிவதை இப்போதுதான் கவனிக்கிறாள். காற்றிலேயே விரலால் அதை ஒருமுறை வரைந்தாள்.

“தாத்தா, ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தி இந்தத் தோள்ல என்னத்த மாட்டியிருந்தீங்க?”

கேட்டதற்குப் பதில் சொல்லலாம். டாக்டரே போட்ட சட்டம்.

“பையி தாயி! கண்டக்டர் பையி! ராம்நாடு டு ராமேஸ்வரம், முப்பத்தோரு வருசம்!”

நான் போட்ட சத்தத்தில் ஏழாம் கட்டில்காரரின் குளுக்கோஸ் பாட்டில் ஊஞ்சலாடியது.

“வார் உரசுன இடம் சார். இந்த வியாதியில தோலு எங்க உரசுதோ அங்கயே புதுசா வரும். கோப்னர்.” அவள் அதை இரண்டு தடவை சொன்னாள்.

டாக்டர் மார்க்கைப் போட்டார். போகலாம் என்று தலையசைத்தார். மர்ஜானா வாசல்வரை நடந்தாள். அதற்கப்புறம் ஓடுகிற சத்தம் கேட்டது.

“இருநூத்திப் பதினெட்டு” என்றேன் நான், பொத்தானைப் போட்டுக்கொண்டே.

டாக்டர் நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற உமையாள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நெசந்தான் அய்யா. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, மதுரை, இதே பரீட்சை. நானும் ரிட்டயர்டுன்னு எழுதிட்டு முழிச்சேன். இந்தப் பிள்ள கேட்டுச்சு. நான் கேக்கல. நீங்களாத்தான் சொன்னீங்க.”