லாங் ஐலண்டுக்குத் தாயம்

"லாங் ஐலண்டுக்கு மறுபடியும் தாயமா?"

ராஜமாணிக்கம் காப்பி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"பக்கா சீட்டிங் பாய்! பதினாலு வாரத்துல அஞ்சு தாயம். எனக்கு ரெண்டுகூட விழலை!"

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தோம். அவன் வீட்டுக் கூடத்தில்தான் தாயக்கட்டம் வரைந்திருந்தது.

ஹேடோ குவார்ட்டர்ஸில் நாங்கள் நாலு வீடு. ஐந்தாவது வீடு தங்கையாவுடையது. அவனைப் போட்டில் போகவேண்டிய தூரத்துத் தீவான லாங் ஐலண்டுக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது அவன் மனைவி மரகதம் அழுத அழுகை இருக்கிறதே!

"அங்க தமிழ் பேச ஒரு முகம் கிடையாதுண்ணே. முடியலைன்னா நான் மெயின்லேண்டுக்கே போயிடுவேன்."

"உன் காய் இங்கேயே ஆடும்மா, தைரியமா போ" என்று அனுப்பிவைத்தோம்.

வீட்டுக்கு வாரம் ஒரு ஆட்டம், அதாவது ஒரே ஒரு தடவை கட்டையை உருட்டலாம். நாங்கள் ஞாயிறு மத்தியானம் கூடி ஆடுவோம். மரகதத்துக்கு மட்டும் புதன் காலை. ஆட்டம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்காரன் அவளுக்காகக் கட்டையை உருட்டி, விழுந்ததை எழுதி, போட்டில் கொடுத்தனுப்ப வேண்டும். எந்தக் காயை நகர்த்துவது என்று அவள் பதில் போடுவாள். உருட்டும்போது பக்கத்தில் யாரும் கிடையாது. அங்கேதான் எங்களுக்குச் சந்தேகம்.

"உண்மையைச் சொல்லு, குழந்தைவேலு" என்றேன்.

நான் வார்ஃபில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிறவன். ஒரு பக்கம் மூட்டை கூடினால் இன்னொரு பக்கம் குறைந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"இல்லாததை எழுதலைப்பா அரசு. இந்த வீட்டுல உருண்டதைத்தான் எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னான். குனிந்து எங்கள் டம்ளர்களைப் பொறுக்கினான். ஞாயிறானால் அவனுக்கு அதே வேலை. 'நீங்க போடுங்க, நான் அப்புறமா போட்டுக்கறேன்' என்று அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைவான்.

ஆட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. எந்த வீடு?

"என் வீட்டுல ரேடியோ இருக்கு, ஃபேன் இருக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

"நாலு வாண்டுகளும் இருக்கே! திங்கட்கிழமைக்குள்ள காயெல்லாம் காணாமப் போயிடும்" என்றார் சிவஞானம்.

"அப்ப உங்க வீடு?"

"லாஞ்சுல டியூட்டிக்குப் போனா நான் திரும்ப மூணு நாளாகும். பூட்டின வீட்டுல புதன்கிழமை யார் உருட்டறது? அரே பாய், ஃபேனும் ரேடியோவுமா ஆடப்போகுது? ஆள் நாணயமா இருக்கணும். அரசு வீடுதான் சரி."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"பழைய ஆட்டம் செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லி எல்லாக் காயையும் வெளியே எடுத்தேன். குழந்தைவேலு வாரா வாரம் ஆட்டக் கணக்கு எழுதிவந்த நோட்டையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். இனித் தாயம் விழுந்தால்தான் யார் காயும் கட்டத்துக்குள் இறங்கும்.

முதல் புதன். என் மனைவி ருக்குவைச் சாட்சிக்கு உட்காரவைத்து உருட்டினேன். மூன்று. 'தாயம் விழவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

'பரவாயில்லை அண்ணே, அடுத்த வாரம் விழும்' என்று மரகதம் எழுதியிருந்தாள்.

அடுத்த வாரமும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"ஒரு தடவை தாயம்னு எழுதினாத்தான் என்ன? குடியா முழுகிடும்?" என்றாள் ருக்கு.

"என் கையால பொய் எழுத மாட்டேன்."

ஆறு போட் போயிற்று. ஆறிலும் அதே வரியை முத்து முத்தாக எழுதி அனுப்பினேன். நாலாவதற்குப் பிறகு அவளிடமிருந்து பதிலே இல்லை.

ஏழாவது வாரம் மெயின்லேண்டு கப்பல் கிளம்பும் நாள். வார்ஃபில் மரகதம் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். பக்கத்தில் தங்கையா வெறுங்கையோடு நின்றான்.

"நீ போகலையா?" என்றேன்.

"வேலையை விட்டா சோத்துக்கு எங்க போறது? அவ மட்டும் போறா" என்றான்.

மரகதம் சிரிக்கப் பார்த்தாள்.

"உங்களைச் சொல்லி என்னண்ணே, என் ராசி அப்படி. முன்னயெல்லாம் போட் சத்தம் கேட்டா தலையை வாரிக்கிட்டு, போட் வந்து நிக்கிற ஜெட்டிக்கு ஓடுவேன். என் காய் எங்க நிக்குது, எதை நகர்த்தலாம்னு வாரம் பூரா அதே நெனப்பு. அந்தத் தீவுல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான்."

அவள் கப்பலேறும் வரை டேலி ஷீட்டைப் பார்த்தபடியே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து குழந்தைவேலுவின் நோட்டை எடுத்தேன். அன்று லாங் ஐலண்டுக்குக் கூடியதைத்தான் எண்ணினேன். எங்கே குறைந்தது என்று தேடவே இல்லை. இப்போது தேடினேன்.

ராஜமாணிக்கம், சிவஞானம், நான், மூன்று பேருக்கும் வாரா வாரம் எண் இருந்தது. குழந்தைவேலு என்ற பெயருக்கு நேரே பதினாலு வாரமும் வெறும் கோடு.

நோட்டோடு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

"உன் ஆட்டமெல்லாம் எங்கேப்பா?"

அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"என் ஆட்டத்தையும் புதன்கிழமை அந்தப் பொண்ணுக்குத்தான் உருட்டுவேன். ரெண்டுல எது நல்லா விழுதோ அதை அதுக்கு எழுதிடுவேன். என் காய் இறங்கலைன்னா என்ன அரசு, நான் இங்கதானே இருக்கேன்?"