முயல் வேட்டைக்காரர்

"துப்பாக்கி பிடிக்கிற லட்சணமா இது, பெரியவரே?"

பல்கலைக்கழகத்துக்கு வந்து மூன்றே நாள் ஆன விளையாட்டு இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு வெடி வெடிக்கிறவர் கோட்டுக்குப் பின்னால் நின்று, கையை வானத்துக்கு நீட்ட வேண்டும். இந்த மைதானக்காரரோ ஓடுகிறவர்களுக்குப் பத்தடி முன்னால் போய், தடத்தின் ஓரத்தில் குனிந்து, துப்பாக்கியை முழங்கால் உயரத்தில் பிடித்திருந்தார்.

"முயல் வேட்டைக்காரர் ரெடி!" என்று மாணவர்கள் கத்தினார்கள்.

"போன வருஷம் வரைக்கும் ஒழுங்காத்தான் நின்னாரு சார்," என்றார் அலுவலக எழுத்தர். "வயசாகுதுல்ல?"

"எனக்கு இப்படித்தான் வசதி சார்," என்றார் மைதானக்காரர்.

"உங்க வசதிக்கா பந்தயம் நடத்துறோம்? இது கடைசிச் சுற்று. ஜெயிக்கிற பொண்ணுதான் வெளியூர்ப் போட்டிக்குப் போகப்போகுது. பின்னால போய் நில்லுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மைதானக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலாம் தடத்தில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு தரம் பார்த்தார். பின்னால் போனார்.

டுமீல்!

ஏழு பேர் பறந்தார்கள். நாலாம் தடத்துப் பெண் மட்டும் குனிந்தபடியே இருந்தாள். பக்கத்துக் கால்கள் கிளம்பியதைப் பார்த்துத் தடுமாறி எழுவதற்குள், ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி இன்னொரு டுமீல்! ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"என் தப்பு, என் தப்பு!" மைதானக்காரர் கையை ஆட்டினார். "விரல் முந்திடுச்சு. எல்லாரும் திரும்பி வாங்க!"

"வேட்டைக்காரர் முயலைக் கோட்டை விட்டுட்டாரு!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். சரியான இடத்தில் நிறுத்தியும் இந்தக் கூத்தா? நாளைக்கே வேறு ஆள்! மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, நாலாம் தடத்துப் பெண்ணைச் சமாதானப்படுத்தப் போனார்.

"கவலைப்படாதேம்மா. அவருக்கு வயசாயிடுச்சு."

அவள் அவருக்கு முதுகைக் காட்டியபடி, கால் வைக்கும் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"உன்னைத்தாம்மா!" இன்னும் உரக்கச் சொன்னார்.

அசையவில்லை. அவர் நிழல் தன் கைமேல் விழுந்த பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவருடைய உதடுகளையே பார்த்தாள்.

இயக்குநர் திரும்பி, மைதானக்காரர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். மெதுவாக மைதானக்காரரிடம் நடந்து வந்தார்.

"அந்தப் பொண்ணு துப்பாக்கிப் புகையைப் பார்த்துத்தான் கிளம்புதா?"

"ஆமா சார். போன வருஷம்தான் சேர்ந்துச்சு. மாத்தச் சொல்லி அது எங்கிட்ட கேட்டுக்கலை, நானாத்தான் இடத்தை மாத்திக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, சலுகையிலதான் ஜெயிச்சான்னு பேசுவாங்க சார். என்னைப் பார்த்துச் சிரிச்சா, சிரிச்சதோட போயிடும்."

ஓடுகிறவர்கள் மறுபடி வந்து குனிந்தார்கள். எழுத்தர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், பழையபடி முன்னால போய்க் குனியறாரு பாருங்க! பிடிச்சு இழுத்துட்டு வரட்டுமா?"

"அவரை விடுய்யா," என்றார் இயக்குநர். "அங்க மறைச்சுக்கிட்டு நிக்கிறவங்களை நகரச் சொல்லு. முயலுக்குத் துப்பாக்கி தெரிய வேண்டாமா?"