பின்னால் தள்ளிய இருக்கை

மூன்றாவது கியர் விழவில்லை என்று வந்த கார் அது. லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியில் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்திருந்தது. மெக்கானிக் புதியதை மாட்டினார். இனி ஒருவர் உள்ளே உட்கார்ந்து கியர் போட, அவர் அடியில் படுத்துக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

உள்ளே உட்காருவது எப்போதும் அக்காவின் கணவர், மச்சான்தான். நெட்டை மனிதர். எந்தக் காரில் ஏறினாலும் முதலில் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளுவார். போன மாதம் இறந்துவிட்டார். தனி ஆளாக முடியாது, பட்டறையை மூடிவிடுகிறேன் என்று மெக்கானிக் சொன்னதால்தான் இன்று அக்காவே வந்திருந்தாள்.

"எனக்குக் கியரும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுடா."

"நான் சொல்றதைப் போடுக்கா, போதும்."

அடியில் படுத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பி பிசகாமல் நகர்ந்தது. மூன்றாவதும் விழுந்தது. ரிவர்ஸுக்கு லீவரைக் கீழே அழுத்தித் தள்ள வேண்டும் என்று சொல்ல மறந்திருந்தார். அதுவும் விழுந்தது.

"மச்சானையே மிஞ்சிட்டியே" என்று சிரித்தபடி வெளியே வந்தார்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து வந்தாள். "யார்கிட்டடா பேசுற? இப்ப உட்காரட்டுமா?"

அவர் கார் கதவைத் திறந்தார். இருக்கை கடைசிவரை பின்னால் போயிருந்தது.

"வேண்டாம்கா" என்றார். "பட்டறை இருக்கட்டும்."