எட்டாத கால்

பெரிய பைக் ஒன்று தன் முதலாளியின் ஹெல்மெட்டிடம் குறைப்பட்டுக்கொண்டது.

“ஆயிரம் சிசிதான் வேணும்னு அலைஞ்சு வாங்கினார். மூணாவது கியரைத் தாண்ட மாட்டேங்கிறார். சரியான பயந்தாங்கொள்ளி!”

“உனக்கு அவர் கைதான் தெரியும். வாய் எங்கிட்ட இருக்கு” என்றது ஹெல்மெட். “வேகம் ஏறினாலே ‘பூவிழி, பூவிழி’ன்னு முணுமுணுப்பார். உடனே கை தளர்ந்துடும்.”

பூவிழி அவருடைய மகள். ஞாயிறுதோறும் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பார்ப்பார். ஃபுட்ரெஸ்டுக்குக் கால் எட்டாது. “எட்டட்டும்டா, கூட்டிட்டுப் போறேன்” என்று இறக்கிவிடுவார்.



அடுத்த ஞாயிறு அவள் ஏறி உட்கார்ந்ததும், பைக் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டுப் பஞ்சை முடிந்த மட்டும் கீழே அமுக்கியது.

“அப்பா, தொட்டுடுச்சு!”

அவர் குனிந்து இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடி, எப்போதோ வாங்கிவைத்திருந்த குட்டி ஹெல்மெட்டை எடுத்துவந்தார்.

தெருவை ஒரே ஒரு சுற்று, ஆமை வேகத்தில். வாசலில் வந்து நின்றதும் ஹெல்மெட் சீண்டியது.

“என்னப்பா, ஆறாவது கியர் வேணாமா?”

“சத்தம் போடாதே” என்றது பைக். “அவ இன்னும் இறங்கலை.”