சொம்பில் மிஞ்சிய தண்ணீர்

பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கம் வந்தால் முப்பது வருடம் கழித்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்குமோ, அதை ஆய்வாளர் நிவேதாவின் கருவி இன்றைக்கே ஒரு சொம்பு வடித்துக் கொடுத்துவிடும்.

ருக்குமணியின் கிணற்றுக்கும் நிவேதா அப்படி வடித்துப் பார்த்தாள். "அளவுக்குள்ளதான் இருக்குதுங்க அக்கா. காட்டு வெள்ளாமைக்கும் பாய்ச்சலாம், குடிக்கவும் செய்யலாம்" என்று சொல்லி, சுரங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று பதிந்தாள்.

வெயிலில் வந்தவளாயிற்றே என்று ருக்குமணி அவளுக்கும் தனக்குமாக குடத்திலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோன நிவேதா, சொம்பு காலியாகக் கிடப்பதைக் கண்டாள்.

"இதுல மிச்சமிருந்த தண்ணி எங்கக்கா?"

"குடத்துல ஊத்திட்டேன் அம்மிணி. நல்ல தண்ணியை எதுக்கு வீணாக் கொட்டோணும்?"

ருக்குமணி அண்ணாந்து டம்ளரைத் தூக்கினாள். நிவேதா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி?" என்றாள் ருக்குமணி.