அசையாத படம்

மகளின் இறுதிப்போட்டியைக் கணினியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் இன்ஜினியர். திடீரென்று திரையில் அவள் கன்னத்தில் கைவைத்தபடி அப்படியே உறைந்துபோனாள். சத்தமும் இல்லை.

ஊருக்கெல்லாம் இன்டர்நெட் சரிசெய்து கொடுப்பவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் வீட்டுலயே படம் சிக்குதா?”

“நெட் நல்லாத்தாங்க இருக்கு. என் போன்ல பாட்டு ஓடுதே” என்றாள் மனைவி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

வயரைப் பிடுங்கிச் செருகினார். அப்போதும் மகள் அசையவில்லை. கடைசியில் மோடத்தையே அணைத்துப் போட்டார். அது மறுபடி உயிர்பெறுவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, ஜெயிச்சுட்டேன்! அரைமணி நேரம் ஆடாம அசையாம யோசிச்சு, ராணியையே வெட்டுக் கொடுத்தேனே, பார்த்தீங்களா? செஸ் உலகமே அசந்துபோச்சு!”

அவர் மோடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“எங்கம்மா பார்த்தேன்? அப்ப இந்த மேதாவி அப்பன் உன்னை ரிப்பேர் பண்ணிட்டிருந்தான்!”