ஏழாவது பாட்டின் மீதி

மடக்கு நாற்காலி டிரம்மரின் வாயில் இறங்கியபோது இசைத்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

முன்பல் ஒன்று தெறித்து ஆல்பத்தின் அட்டைமேல் விழுந்தது.

இரண்டாவது அடிக்கு அக்கா நாற்காலியை ஓங்குவதற்குள் நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். நாலே முக்கால் அடி உயரம், ஐம்பத்திரண்டு வயது. அந்த உடம்பில் அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததோ! பிடித்தவர்களில் ஒருவன் கையைக் கடித்தாள். இன்னொருவனின் மூக்குக்கண்ணாடி காலடியில் நொறுங்கியது.

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு? அவரு நம்ம விருந்தாளிக்கா!" என்று கத்தினார் கடைக்காரர்.

பாட்டுக் கடையின் மாடி அது. வருஷத்துக்கு ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு, ரசிகர்கள் முப்பது பேர் அங்கே கூடுவார்கள். அக்காவின் தம்பி தன் இசைக்குழுவை விட்டு விலகி, தனியாகப் போட்ட ஒரே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்பார்கள். கூடவே பாடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இதுதான். அவன் செத்த பிறகு பிறந்த பிள்ளைகள்கூட வரி தப்பாமல் பாடும்.

ஏழாவது பாட்டு மட்டும் பாதியில் அறுந்துவிடும்.

அதைத் தன்னந்தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தபோதுதான் யாரோ பின்னாலிருந்து வந்து மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடுவது தம்பியின் வழக்கம்; ஒயர் போனதுகூடத் தெரியாமல் பாடிக்கொண்டே இருந்திருப்பான். மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் அவன் பின்மண்டையில் இறங்கியது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பதினொரு தடவை. திருடன் வேலை என்று எழுதி, போலீஸ் கோப்பை மூடியது.

பாட்டை அறுந்தது அறுந்தபடியே வெளியிட்டார்கள். மீதிச் சரணம் இருந்த நோட்டுப் பக்கத்தை அட்டையின் பின்புறம் அச்சிட்டார்கள். ரசிகர்களுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் குரல் அறுகிற இடம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவன் குரலில் இல்லாததை நாம் பாடக் கூடாது. அங்கே அது எழுதாத சட்டம்.

அக்கா பாட்டுக்காக வருகிறவள் இல்லை. கொன்றவன் யாரென்று தெரியாத வயிற்றெரிச்சலோடு வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிரம்மர் வந்தது இந்த வருஷம்தான் முதல் தடவை. தம்பி விலகியதும் மூன்றே மாதத்தில் படுத்துப்போன அதே குழுவின் டிரம்மர். கொலை நடந்த அன்றைக்கு வெளியூரில் இருந்தேன் என்று சொல்லிச் சொல்லித் தரையில் புரண்டு அழுதவர். கைதட்டி வரவேற்று, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு செல்ஃபி. தொடையில் தாளம் போட்டபடி, சொக்கிப்போய் அவரும் பாடினார்.

இப்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"விடுங்கப்பா. தம்பியப் பறிகொடுத்தவங்க. ஏதோ தப்பா நெனச்சுக்கிட்டாங்க."

பெருந்தன்மை ரத்தத்தோடு சேர்ந்து வழிந்தது.

"எல்லாரும் நிறுத்துனாங்க, இவன் நிறுத்தல," என்றாள் அக்கா. மூச்சு இரைத்தது. "வாய்க்குள்ளயே பாடிட்டிருந்தான். என் காதுல விழுந்துச்சு."

கடைக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதுக்கா பல்ல ஒடச்சீங்க? புதுசா வந்தவருக்கு நம்ம சட்டம் எப்படிக்கா தெரியும்?"

"நோட்டுல இருந்ததத்தாம்மா பாடினேன்," என்றார் டிரம்மர் அவசரமாக. "அவனே எங்கிட்ட காட்டியிருக்கான்."

அக்காவைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. யாரோ டிரம்மருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

கூட்டத்தில் எல்லோருக்கும் இளையவளான கல்லூரிப் பெண் மட்டும் கேட்டாள்: "என்னக்கா பாடினாரு?"

"சுண்டெலி, கதவைத் திற."

முப்பது தலைகளும் டிரம்மர் பக்கம் திரும்பின.

நோட்டில் சுண்டெலி இல்லை. 'அம்மா, கதவைத் திற' என்றுதான் இருக்கிறது. அந்த அட்டையைப் புரட்டிப் புரட்டியே கிழித்தவர்கள் அத்தனை பேரும். டிரம்மர் ஒருவர்தான் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒயர் போன பிறகு தம்பி பாடியதைப் பக்கத்தில் நின்று கேட்டவன்தான் அப்படி மாற்றிப் பாட முடியும்.

கல்லூரிப் பெண் மெல்லப் பின்னால் போய், படிக்கட்டுக் கதவைத் தாழிட்டாள்.

டிரம்மர் ஜன்னலை நோக்கிப் பாய்ந்தார். மூக்குக்கண்ணாடி நொறுங்கியவன் காலை நீட்டி இடறிவிட்டான். குப்புற விழுந்தவரின் முதுகில் ஒரு முழங்கால் ஏறியது. முறுக்கிய கையில் தோள் மூட்டு மளுக்கென்றது. அவர் அலறலுக்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடைக்காரர் ஸ்பீக்கரைத் தாங்கியிருந்த இரும்புக் குழாயை உருவிக்கொண்டு வந்தார். பாட்டு கேட்டு அழுகிற மனுஷன். குழாயை ஓங்கியபோதும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

அக்கா குறுக்கே வந்து மண்டியிட்டாள். டிரம்மரின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை நிமிர்த்தினாள்.

அக்கா என்று கூப்பிட வேண்டிய தம்பி, அவள் உயரத்தைக் கிண்டல் செய்து சுண்டெலி என்றுதான் கூப்பிடுவான். அதுவும் வீட்டுக்குள் மட்டும். அன்றைக்குக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: கடைசிச் சரணத்தை நேற்று ராத்திரி அடியோடு மாற்றிவிட்டேன், இன்னும் நோட்டில்கூட எழுதவில்லை, அதில் நீதான் இருக்கிறாய், சாயங்காலம் வந்து பாடிக் காட்டுகிறேன்.

வரவில்லை.

"மீதியப் பாடு," என்றாள் டிரம்மரிடம்.

பிறகு மற்றவர்களை நிமிர்ந்து பார்த்தாள். "பாடி முடிக்கிற வரைக்கும் இவன்மேல யாரும் கை வைக்கக் கூடாது."